உழக்கில் இருபது புளியங்கொட்டை

முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்புக்கே பாடம் நடத்தியவள் நான். பெரிய வகுப்பு தருகிறேன் என்று சொன்ன தலைமையாசிரியர்களிடம் எல்லாம் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறேன். சின்னக் குழந்தைகள் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம் என்று கூட வேலை செய்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பிரியம் உண்டுதான். ஆனால் காரணம் அது இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் அந்த வகுப்பில் ஒரு காரியம் செய்தேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பை இன்னொருவர் கையில் விட்டுவிட்டுப் போக மனம் துணியவில்லை. இதை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளும்படியான விஷயமும் அல்ல.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தொரு வயது. ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு வேலை கிடைத்துவிட்டது. எங்கள் வீடு சின்னக் காஞ்சிபுரத்தில். அப்பா தமிழாசிரியர். வீட்டில் ஒரு சொல் பிசகாக விழுந்தால் சாப்பிடுகிறவர் பாதியில் நிறுத்தித் திருத்திவிட்டுத்தான் அடுத்த கவளத்தை எடுப்பார். அப்படி வளர்ந்தவளுக்கு மற்றவர்கள் பேச்சில் தப்பு கண்டுபிடிப்பது மூச்சு விடுகிற மாதிரி. நல்ல ஆசிரியைக்கு அதுதான் லட்சணம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் ஊரின் மேற்குக் கோடியில் இருந்தது. ஓட்டுக் கூரை, மூன்று அறை, ஒரு புங்கமரம். இரண்டு பக்கமும் நெசவாளர் தெருக்கள். நான் பேச்சை நிறுத்தினால் தறிச் சத்தம் கேட்கும். தறி நின்றால் அன்றைக்கு அமாவாசை, நெசவுக்கு விடுமுறை என்று அர்த்தம். வகுப்பில் ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள், பெரும்பாலும் தறி வீட்டுப் பிள்ளைகள். தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டுகிற நாள்களில் பாதி வகுப்பு தாமதமாக வரும். நான் எல்லாரையும் பிடித்துத் திட்டுவேன். ஆனால் அந்தப் பிள்ளைகளை எனக்குப் புரியும். காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்குத் தறியைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்த பெண் தறி வீட்டுக் குழந்தை அல்ல. கூரம் கிராமத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் விவசாயக் குடும்பம். அவளுடைய அப்பா தினமும் சைக்கிளில் காஞ்சிபுரம் வந்து நெல் மண்டியில் அளவு வேலை பார்ப்பவர். ஜூன் மாசம் ஒருநாள் காலையில் சைக்கிளின் முன் கம்பியில் அவளை உட்கார வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அந்தக் காலத்தில் பிறந்த தேதிக்கு யாரிடமும் காகிதம் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் வயது சரி. அவள் காதைத் தொட்டதோடு நிற்காமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். விடச் சொல்லும்வரை விடவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற குழந்தை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் போகாமல் தயங்கி நின்றார்.

"எங்க வீட்டுல பொம்பளப் புள்ளைங்க யாரும் படிச்சதில்லமா. எங்க அண்ணன்தான் குடும்பத்துக்குப் பெரியவரு. அவரு வேணான்னாரு. நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கினேன். ஒரு வருஷம் பாக்கலாம், பாஸானா படிக்கட்டும், இல்லன்னா வூட்டோட இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. நீங்கதான் பாத்துக்கணும்."

"நல்லா படிச்சா பாஸாவா. இதுல நான் பாத்துக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றேன். அவ்வளவு கெட்டிக்காரத்தனம் எனக்கு.

வருஷம் முழுக்க அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேச மாட்டாள். பலப்பத்தைக் கடைசித் துணுக்கு வரை எழுதித் தீர்ப்பாள். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் எடுத்துக்கொண்டாள், ஆனால் தப்பு விடவில்லை. எண்களை வகுப்பு மொத்தமும் சேர்ந்துதான் சொல்லும். ஐம்பது குரலில் அவள் குரல் எது என்று நான் தனியாகக் கேட்டதே இல்லை. சிலேட்டில் ஒன்று முதல் ஐம்பது வரை வரிசை பிசகாமல் எழுதுவாள். நான் சிலேட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த போக்குவரத்து.

பயிற்சிப் பள்ளியில் எனக்கு ஒரு விஷயத்தை ஆணி அடித்த மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குழந்தை எண்ணை எழுதிவிட்டால் அதற்கு எண்ணத் தெரியும் என்று அர்த்தமில்லை. பொருளைக் கையால் தொட்டு நகர்த்தி எண்ணினால்தான் எண் மனசில் இறங்கியிருக்கிறது. இது சரிதான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சரியான விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய தப்பு செய்யலாம் என்பதை அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

பங்குனி மாசத்தில் பரீட்சை. பதிவேட்டில் மூன்று கட்டம்: படித்தல், எழுதுதல், எண்ணுதல். மூன்றில் ஒன்று போனாலும் அந்த வகுப்பிலேயே நிறுத்திவிட வேண்டும் என்பது தலைமையாசிரியர் போட்ட விதி. எண்ணுவதற்காக ஒரு பிஸ்கட் டப்பாவில் புளியங்கொட்டை சேர்த்து வைத்திருந்தேன். பரீட்சைக்கு முதல் நாள் பார்த்தால் டப்பாவின் அடி துருப்பிடித்து ஓட்டையாகி, கொட்டைகள் மேஜை இழுப்பறை முழுக்கச் சிதறிக் கிடந்தன. வேறு பாத்திரம் இல்லை. மறுநாள் வீட்டிலிருந்து பித்தளை உழக்கை எடுத்துவந்தேன். அம்மா அரிசி அளக்கிற உழக்கு. அதில் எண்ணி இருபது கொட்டை போட்டு, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். தரையில் கொட்டி எண்ணிச் சொல்ல வேண்டும். மூன்று தடவை வாய்ப்பு.

நாலைந்து தறி வீட்டுப் பையன்கள் கொட்டைகளை இரண்டிரண்டாக நகர்த்தினார்கள். வீட்டில் இழை எண்ணுகிற பழக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது, "பலே" என்று சொல்லி மார்க் போட்டேன். ஒரு பையன் பதின்மூன்றை விழுங்கிவிட்டுப் பதினாலுக்குத் தாவினான். அவனுக்கும் பாஸ் போட்டேன். எப்போதும் சிரித்த முகமாக இருப்பான், அவனை நிறுத்த மனம் வரவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அவள் முறை வந்தது. உழக்கை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்தாள். தரையை உள்ளங்கையால் துடைத்தாள். பின்னால் முப்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். வெயில் ஓட்டைப் பொத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. "சீக்கிரம்" என்றேன்.

கொட்டைகளைக் கொட்டினாள். ஒன்றை எடுத்து ஒதுக்கி வைத்தாள்.

"லாபம்," என்றாள். இரண்டாவதை எடுக்கும்வரை நிறுத்தாமல் அதையே இழுத்தாள். "லாபம்... லாபம்..."

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. கடையில் அரிசியை மூட்டையாக வாங்கிச் சாப்பிட்ட வீட்டுப் பெண் நான். நெல் அளப்பதைப் பக்கத்தில் நின்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மண்டிக்காரர் வீட்டுக் குழந்தை, அப்பா பேசுவதைக் கேட்டு ஏதோ உளறுகிறது என்று நினைத்தேன்.

"என்ன லாபம்? யாருக்கு லாபம்?" என்றேன்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்க வைத்தேன் என்று சொல்வதுதான் சரி.

"ஒழுங்கா எண்ணு. முதல்லேர்ந்து."

அவள் கொட்டையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தாள். "லாபம்... லாபம்... ரெண்டு..." குரல் முதல் தடவையைவிடச் சின்னதாக இருந்தது.

"நிறுத்து. ஒண்ணு சொல்லு. ஒண்ணு."

அவள் உழக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். என்னிடம் ஒரு குழந்தை மாட்டேன் என்று தலையாட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. மூன்றாவது தடவை எண்ணச் சொன்னேன். அவள் வாயே திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது, விழவில்லை. பதிவேட்டை இழுத்து மூன்றாவது கட்டத்தில், "எண்ணத் தெரியாது" என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் மணி மணியாக இருக்கும். அதுவும் அப்படித்தான் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். உழக்கை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்திருந்தால்கூடப் போதும். முந்தின நாள் அவள் ஐம்பது வரை எழுதிய சிலேட்டு என் மேஜை மேலேயே இருந்தது. பிற்பாடு எத்தனையோ பரீட்சைகள் வைத்தேன். ஒரு குழந்தை தப்பாக ஒன்று சொன்னால், ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்காமல் ஒரு கட்டத்தையும் நிரப்பியதில்லை. கேட்கக் கேட்கத் தெரிந்தது, பாதித் தப்புகள் தப்பே இல்லை. இதற்காக என்னை நல்ல டீச்சர் என்று சொன்னவர்கள் உண்டு. கேட்கும்போதெல்லாம் எனக்கு வாய் கசந்துபோகும்.

அன்றிலிருந்து விடுமுறை விடும்வரை பிள்ளைகள் அவளை லாபம் என்று கூப்பிட்டார்கள். எனக்குக் கேட்டது. தானாக ஓய்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

முடிவுகளை ஒட்டிய அன்று அவளுடைய அப்பா வந்தார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் வந்து கேட்டார். நிறுத்தியிருக்கிறது என்றேன்.

"எதுலமா?"

"எண்ணத் தெரியல. மூணு தடவை சொல்லிப் பாத்தேன்."

அவர் முகத்தில் முதலில் வந்தது வருத்தம் இல்லை, ஆச்சரியம். "எங்கிட்ட நூறு வரைக்கும் எண்ணுதேமா. என்கூட மண்டிக்கு வந்துக்கினு இருந்த பொண்ணு அது."

"வீட்டுல எல்லாக் குழந்தையும் புலிதான். இங்க வந்தாத்தான் தெரியும்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார். "நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்," என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஜூன் மாசம் அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. பாஸானால் படிப்பு, இல்லையென்றால் வீடு. அதற்கு நான் என்ன செய்ய முடியும், விதி விதிதான் என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அந்த மே மாசம் என் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சமையலுக்கு அரிசி நிறைய வேண்டும், நெல்லாக வாங்கி அரைத்தால் நன்றாக இருக்கும் என்று அம்மா சொன்னாள். அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டு வந்தது. அளவைக் கவனித்துக்கொள்ள என்னையும் மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிலோ, லிட்டர் எல்லாம் சட்டத்தில் வந்து வருஷக்கணக்காகியும், அந்த மண்டியில் தெரிந்தவர்களுக்கு மரக்காலில்தான் அளந்து போட்டார்கள்.

நெல்குவியலுக்கு முன்னால் ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அப்பா. என்னைப் பார்க்கவில்லை. மரக்காலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தரையை உள்ளங்கையால் துடைத்தார். நெல்லை வாரி நிரப்பி, கையால் வழித்து, சாக்கில் கொட்டினார்.

"லாபம்... லாபம்... லாபம்..." அடுத்த மரக்கால் நிரம்பும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, "ரெண்டு... ரெண்டு... ரெண்டு..."

உடனே பேசிவிட வேண்டும் போல ஒரு அவசரம். ஓர் அடி முன்னால் வைத்தேன். என் அப்பா கையைப் பிடித்து இழுத்தார்.

"அளக்கறச்சே குறுக்க பேசப்படாது. கணக்கு விட்டுப்போயிடும்," என்றார்.

நின்றேன். அளவுக்காரர் முழுவதும் அளந்து முடிக்கும்வரை ஒவ்வொரு எண்ணையும் கேட்டுக்கொண்டு நின்றேன். எவ்வளவு அழகாக எண்ணினார் என்று சொன்னால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஒரு எண்ணைக்கூட அவசரப்பட்டு விடவில்லை. அடுத்தது வரும்வரை முந்தையதைக் கையில் பிடித்தே வைத்திருந்தார். எந்தக் குழந்தை இப்படி எண்ணினாலும் முழு மார்க் போடலாம்.

மரக்காலைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்து எழுந்தார். "வாங்க டீச்சரம்மா."

"முதல்ல ஏன் ஒண்ணுன்னு சொல்லல?" என்று கேட்டேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அது சொல்லக் கூடாதுமா. மரக்கா கையில எடுத்தா லாபம்னுதான் தொடங்கணும். ஒண்ணுன்னு சொன்னா அதோட நின்னுடும்னு எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்குது. ஏம்மா?"

"உங்க பொண்ணுக்கும் இது தெரியுமா?"

"தெரியாமயா? போன அறுப்புல களத்துல உழக்க வெச்சி வெளையாடிக்கினு இருந்திச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிச்சின்னு எங்க அண்ணன் முதுகுல ஒண்ணு போட்டுட்டாரு. அதுலேர்ந்து உழக்கத் தொட்டா லாபம்தான்."

நான் சொன்னேன். உழக்கைக் கையில் கொடுத்தது, அவள் லாபம் என்று ஆரம்பித்தது, நான் நிறுத்தியது, வகுப்பு சிரித்தது, எதையும் விடவில்லை. என் அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அளவுக்காரர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ, எண்ணிச்சாமா?" என்று கேட்டார்.

"எண்ணினா."

"எத்தினி வரைக்கும்?"

"நான் எண்ண விடல."

அவர் கீழே சிந்தியிருந்த நெல்லைக் கையால் கூட்டிக் குவியலோடு சேர்த்தார். "அன்னிக்கி வூட்டுக்குப் போயி அடிச்சிட்டேம்மா. எங்கிட்ட நூறு சொல்லிட்டு அங்க போயி ஊமையாட்டம் நின்னியான்னு கேட்டு அடிச்சிட்டேன். வாயே தொறக்கல. எங்கிட்டயும் சொல்லல."

கையில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டு அவரே தொடர்ந்தார். "இப்ப அண்ணன் மருமவளுக்குக் கொழந்த பொறந்திருக்குது. அத தூக்கிக்கினு இருக்குது பொண்ணு. நான் போயி சொன்னா அண்ணன் நம்ப மாட்டாரு. பொண்ணுக்காகப் பேசறேன்னு சொல்லுவாரு. நீங்க ஒரு நட வந்து ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"வரேன்," என்றேன்.

வீடு திரும்பும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அந்தக் குழந்தை சொன்னது பிழையில்லை. உனக்குத் தெரியாத வழக்கு, அவ்வளவுதான்." வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பேச்சைத் திருத்தியவர் சொன்னது அது. நான் குனிந்த தலை நிமிராமல் நடந்தேன்.

மறுநாளே தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். பள்ளிக்கூடம் திறந்ததும் குழந்தையைக் கூட்டிவரச் சொல்லு, என் முன்னால் ஒருமுறை எண்ணட்டும், இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்துவிடலாம் என்றார். அவ்வளவு சுலபமாக இருந்தது. இனிப் பாக்கி இருந்தது நான் அந்த ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை மட்டும்தான்.

அதற்கு எனக்கு ஒன்றரை மாசம் ஆயிற்று. முதலில் கல்யாணம். பிறகு வந்துபோகிற உறவுக்காரர்கள். பிறகு அக்னி நட்சத்திர வெயில். எல்லாம் உண்மைதான், எல்லாம் சாக்கும்தான். முன்பின் தெரியாத ஒரு வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்து, பெயர் கூப்பிடும்போது மூன்றாவது வரிசையில் பதில் வராத பிறகுதான், அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

அவளுடைய பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். முரட்டு மனுஷர் என்று மனசில் ஒரு உருவம் வைத்திருந்தேன், அப்படி இல்லை. மோர் கொண்டுவரச் சொன்னார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் தம்பியைப் பார்த்துச் சிரித்தார்.

"உழக்கக் கொண்டுபோயி கையில குடுத்திருக்காங்க. பொண்ணு சரியாத்தான் செஞ்சிருக்குதுபா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் சொன்ன சொல்லு சொல்லுதாம்மா. பாஸானா படிக்கட்டும்னேன். பாஸுன்னு நீங்களே வந்து சொல்றீங்க. கூட்டிக்கினு போங்க."

பஸ்ஸில் வரும்போது நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாதங்கள் ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று. அழுகை வந்துவிடும் போல இருந்தது. அவளைக் கூப்பிட்டார்கள்.

இடுப்பில் குழந்தையோடு வந்தாள். வளர்ந்திருந்தாள், இல்லை குழந்தையைத் தூக்கி நின்ற விதம் அப்படிக் காட்டியதோ தெரியவில்லை. நான் குனிந்து அவள் கையைப் பிடித்தேன். "திங்கக்கிழமை வரணும். ரெண்டாம் கிளாஸ். நீ பாஸ்," என்றேன்.

"நான் வரல டீச்சர்."

"ஏன்?"

"எனக்கு எண்ண வராது."

கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்வது போலச் சொன்னாள். தெரிந்த ஒரு விஷயத்தை விசாரித்தவளுக்குத் தெரிவித்தாள், அவ்வளவுதான்.

"உனக்கு வரும். நல்லா வரும். டீச்சர்தான் தப்பா எழுதிட்டேன்," என்றேன். அவள் நம்பவில்லை. டீச்சர் எப்படித் தப்பாக எழுதுவாள்? வருஷம் முழுக்க அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்ததே அதுதானே.

அப்போது நான் செய்தது இரண்டாவது தப்பு. பையில் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்த புளியங்கொட்டைகளை எடுத்து முற்றத்தில் கொட்டினேன். "எண்ணு. எப்படி வேணும்னாலும் எண்ணு. லாபம்னே தொடங்கு. இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க."

அவளுடைய அப்பா நின்றிருந்தார். பெரியப்பா கட்டிலில் இருந்தார். அம்மாவும், பிள்ளை பெற்றவளும், இன்னும் யாரோ இரண்டு பெண்களும் வாசற்படியில். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். போன தடவை ஐம்பது பிள்ளைகள், இந்தத் தடவை பெரியவர்கள்; அவளுக்கு அதே பரீட்சைதான். அவள் கொட்டைகளைப் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது, நான் பார்த்தேன். அவளுக்குள்ளே எண் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை வெளியே விட அவள் தயாராக இல்லை. இடுப்புக் குழந்தை சிணுங்கியது. அதை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போய்க் கூப்பிட்டேன். அவளுடைய அம்மாவும் சொல்லிப் பார்த்தாள். உள்ளே ஒரு மூலையில் குழந்தையைத் தட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோளைத் தொட்டேன், திரும்பவில்லை.

"புள்ளைக்கே இஷ்டமில்லமா," என்றார் பெரியவர். "இழுத்துக்கினு போயி உக்கார வெச்சா படிப்பு வந்துடுமா? விட்டுடுங்க. நீங்க இவ்ளோ தூரம் வந்ததே பெரிசு."

கொட்டைகளைப் பொறுக்கிக் காகிதத்தில் போட்டுக்கொண்டேன். அப்புறமும் இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். அவள் என்னைக் கண்டால் பின்பக்கமாகப் போய்விடுவாள். அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவே இல்லை.

அந்த முதல் சனிக்கிழமை அவளுடைய அப்பா பஸ் நிற்கிற இடம் வரை என்னோடு நடந்து வந்தார். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் அவர் மெல்லச் சொன்னார்.

"தப்பு எம் மேலதாம்மா. அடிக்கிறதுக்கு முன்னாடி, அங்க என்னா சொன்னேன்னு பொண்ண ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்காம வுட்டுட்டேன்."

இல்லை, கேட்டிருக்க வேண்டியவள் நான், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அந்த மனுஷர் அதைத் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பாமல் இருக்க அந்த ஒரு வாக்கியம் போதும். எனக்குத் தெரிந்தே இருந்தது. பஸ் வந்து நின்றது, நான் ஏறிக்கொண்டேன். அவர் கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.